மொழி எங்கே என்று கேட்ட கம்ப்யூட்டர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

போன தை மாதம், நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து ஒரு போன். ஸ்டோர் ரூமைக் காலி செய்கிறார்களாம். டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரைப் புரட்டிய இளம் ஆசிரியர் கேட்டார்: "சார், உங்க கையெழுத்துல பி.பி.சி. மைக்ரோன்னு ஒரு என்ட்ரி இருக்கு. அது ரேடியோவா சார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பிறப்பதற்கு முன்னால் வந்த பொருள், அவருக்கு எப்படித் தெரியும்?

1984-85ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளிகளில் கணினி அறிவைப் பரப்புவதற்காக மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து செய்தது. முதலில் நாடு முழுக்க ஏறத்தாழ 250 பள்ளிகள். அப்புறம் அது வளர்ந்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த இயந்திரம்தான் பி.பி.சி. மைக்ரோ. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஊரில் இருந்த ஏகார்ன் என்ற நிறுவனம், பி.பி.சி.யின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக 1981 டிசம்பரில் வெளியிட்டது. பிறகு மொகாலியில் இருந்த நம் அரசு நிறுவனமான எஸ்.சி.எல். 'யுனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே அதைச் செய்ய உரிமம் வாங்கியது.

நம் பள்ளிக்கும் வந்தது. 1985லிருந்து 1993 வரை படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளிர் மஞ்சள் பெட்டி, கறுப்புச் சாவிகள், மேல் வரிசையில் சிவப்பாகப் பத்துச் சாவிகள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஒரு சாவிப்பலகைக்கு நான்கு பேர். "தம்பி, நீ கை வைக்காத, சொல்லு, நான் அடிக்கறேன்" என்று நான் கத்தியதையும் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

இயற்பியல் வாத்தியாரான எனக்குச் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சில வாரப் பயிற்சி கொடுத்து, சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் முறைப்படி எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகு, கண்டம் செய்து ஏலத்துக்குப் போகவிருந்த பெட்டிகளைப் படூருக்குக் கொண்டுவந்தேன். மூன்று பெட்டிகள். இரண்டு வெறும் கூடு. மூன்றாவதில் மட்டும் உள்ளே எல்லாம் இருந்தது. கூடவே பிஸ்கட் டின்னில் 23 ஃபிளாப்பிகள். ஐந்தேகால் அங்குல அகலம், அப்பளம் மாதிரி வளையும்.

வீட்டில் கேட்டார்கள்: "ஏங்க, பழைய பேப்பர்காரனுக்குப் போடறத வீட்டுக்குக் கொண்டாறீங்களே, எதுக்கு?"

எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்த டின்னில் ஒரு ஃபிளாப்பியின் மேல் பென்சிலில் 'அகரம்' என்று எழுதியிருந்தது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய கம்ப்யூட்டர் கிடைத்தால் ஆசையில் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். பி.பி.சி. மைக்ரோவின் பவர் சப்ளையில் மெயின்ஸ் கரண்ட்டை வடிகட்டும் கெபாசிட்டர்கள் உண்டு. வயதானால் அவற்றின் மேலுறை வெடித்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கரண்ட் கொடுத்த சில நிமிடத்தில் 'டப்' என்ற சத்தம், அறை முழுக்கப் புகை. நம் பக்கத்து ஈரத்துக்கும் கேளம்பாக்கம் உப்பளக் காற்றுக்கும் கேட்கவே வேண்டாம். ரிச்சி தெருவில் புதியவை வாங்கி, சாலிடரிங் கை படிந்த ஒருவரைக் கொண்டு மாற்றிய பிறகுதான் சுவிட்சைப் போட்டேன்.

'பூ... பீப்' என்று இரண்டு சுரத்தில் சத்தம் வந்தது. முப்பது வருஷம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு என்னமோ செய்தது. பழைய டி.வி.யில் கறுப்பு வெள்ளையில் எழுத்து வந்தது. முதல் வரி, 'பி.பி.சி. கம்ப்யூட்டர் 32கே'. அடுத்து வர வேண்டியது 'பேசிக்' என்ற சொல். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி நின்றது: 'லாங்வேஜ்?'

மொழி எங்கே என்று கேட்கிறது கம்ப்யூட்டர்!

இதை விளக்க வேண்டும். இன்றைய கணினியில் விண்டோஸ் மாதிரி இயங்குதளம் டிஸ்கில் இருக்கிறது. அந்தக் காலத்து இயந்திரத்தில் அது சிப்பிலேயே இருக்கும். ரோம் என்று சொல்வோமே, அது. பி.பி.சி. மைக்ரோவில் இயங்குதளம் ஒரு சிப், 16 கிலோபைட். பேசிக் மொழி இன்னொரு சிப், அதுவும் 16 கிலோபைட். ஃபிளாப்பியைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் டி.எஃப்.எஸ். என்பது வேறொரு சிப். காலையில் வாட்ஸ்அப்பில் நீங்கள் எனக்கு அனுப்பும் ரோஜாப்பூ வணக்கத்தில் பாதிகூட இருக்காது இந்த மூன்றும் சேர்ந்தால். ஆனால் மூன்றில் ஒன்று போனாலும் பெட்டி வெறும் பெட்டிதான்.

நம் பெட்டியில் இயங்குதளம் உயிரோடு இருந்தது. பேசிக் சிப்பின் ஒரு கால் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. இன்னொரு சங்கடமும் இருந்தது. டி.எஃப்.எஸ். சிப், ஈப்ராம் என்ற வகை. அதன் நடுவில் கண்ணாடி ஜன்னல் இருக்கும். புற ஊதாக் கதிர் பட்டால் எழுதியது அழிந்துவிடும் என்பதால் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். நேரடி வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரத்திலும், ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்று வருஷத்திலும் அழியக்கூடும் என்பது கணக்கு. நம் சிப்பில் ஸ்டிக்கர் எப்போதோ உரிந்து போயிருந்தது. ஆக, மொழியும் இல்லை. ஏட்டைப் படிக்கும் கண்ணும் இல்லை.

இங்கேதான் 94 செட் மாணவர் ஒருவர் வந்து கைகொடுத்தார். இப்போது சிறுசேரி சிப்காட்டில் வேலை. ஞாயிறுதோறும் வந்துவிடுவார். "சார், ரோம் ஃபைல் நெட்ல கிடைக்கும் சார், டவுன்லோட் பண்ணிடலாம்" என்றார். கிடைத்தது. ஒன்றல்ல, ஒரே பெயரில் பல. பிரச்சினையே அப்போதுதான் ஆரம்பித்தது.

பேசிக்கில் முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று உண்டு. இரண்டாம் பதிப்பில் சில புதிய கட்டளைகள் உண்டு; அவற்றை வைத்து எழுதிய நிரல் முதல் பதிப்பில் ஓடாது. டி.எஃப்.எஸ். இன்னும் மோசம். 8271 என்ற கட்டுப்பாட்டு சிப் உள்ள போர்டுக்கு ஒன்று, 1770 சிப் உள்ள போர்டுக்கு வேறொன்று. மாற்றிப் போட்டால் டிரைவ் படிக்காது. நம் போர்டில் இருப்பது 8271. எனவே அதற்கான 0.9 பதிப்பையே தேட வேண்டும்.

நாங்கள் வைத்துக்கொண்ட விதி இதுதான். ஃபைலின் அளவைப் பார். பேசிக் என்றால் சரியாக 16,384 பைட் இருக்க வேண்டும்; ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஒதுக்கு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களிலிருந்து எடு. மூன்றுக்கும் சரிகூட்டு எண் போட்டுப் பார், ஒத்துப்போனால் வைத்துக்கொள். பிறகு சிப்பில் போட்டு, 'ரிப்போர்ட்' என்று அடித்துப் பார். 1982 என்று ஆண்டு காட்டினால் இரண்டாம் பதிப்பு, 1981 என்றால் முதல் பதிப்பு. இயந்திரமே தன் ஜாதகத்தைச் சொல்லிவிடும்.

அந்த ஃபைல்களைத் திறந்து பார்த்ததில் இரண்டு விஷயங்கள் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயின. ஒன்று: ஒவ்வொரு ரோமிலும் அடைப்புக்குறிக்குள் சி என்ற காப்புரிமைக் குறி இருந்தே ஆக வேண்டும். அது குறித்த இடத்தில் இருந்தால்தான் இயங்குதளம் அதை ரோம் என்றே ஏற்றுக்கொள்ளும். உரிமைக் குறிதான் நுழைவுச் சீட்டு. இரண்டு: இயங்குதள ரோமுக்குள், 768 பைட் இடத்தில், அந்தக் கம்ப்யூட்டரை உருவாக்க உதவியவர்களின் பெயர்ப் பட்டியல் நன்றியோடு எழுதப்பட்டிருக்கிறது. அந்த முகவரிகளில் வெளிக்கருவிகளை இணைத்துவிட்டதால் இயந்திரம் ஓடும்போது அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாது. நான் எட்டு வருஷம் அதன் முன் உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறேன். உள்ளே அப்படி ஒரு நன்றியுரை இருந்தது, சிப்பைத் தனியாகப் படித்தபோதுதான் தெரிந்தது.

"இப்படி இறக்குவது திருட்டில்லையா சார்?" என்று என் தம்பி மகள் கேட்டாள். வக்கீலுக்குப் படிப்பவள், கேட்கத்தான் செய்வாள். நியாயமான கேள்வி. நம் 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மென்பொருளைச் சட்டப்படி வைத்திருப்பவர் அது தொலைந்தாலோ சேதமானாலோ உதவும் என்று காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. நம்முடையது பள்ளி முறையாகப் பெற்ற இயந்திரம். ஆனால் வேறொருவர் எடுத்த பிரதியை வாங்கிப் போடுவது அந்தப் பிரிவுக்குள் முழுசாக அடங்கிவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சிப்பை விற்ற நிறுவனம் இன்று கடை நடத்தவில்லை. காசு கொடுத்து வாங்கலாம் என்றாலும் ஆளில்லை. ஆகவே நானாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு: இந்த இயந்திரத்துக்கு மட்டும், காசுக்கு அல்ல.

சில நிறுவனங்கள் தாமாகவே கதவைத் திறந்துவிட்டன. மைக்ரோசாஃப்ட், எம்.எஸ்.டாஸ் 1.25, 2.0 பதிப்புகளின் மூல நிரலை 2018லும், 4.0 பதிப்பினுடையதை 2024லும் தாராளமான உரிமத்தில் வெளியிட்டது. ஜிம் ஹால் 1994ல் தொடங்கிய ஃப்ரீடாஸ் முற்றிலும் இலவசம். பரணில் பழைய பி.சி. வைத்திருப்பவர்களுக்கு இவை போதும். ஆனால் பழைய டாஸ் ஃபிளாப்பிகளில் வைரஸும் சேர்ந்தே தூங்கும். ஜனவரி 5ஆம் தேதி இயந்திரத்தை நிறுத்திவைத்து, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லச் சொன்ன நம்மூர் வைரஸ் நினைவிருக்கிறதா? அதுவும் இருக்கலாம்.

ரோம்கள் சரியானதும் புதிய ஈப்ராம்களில் எழுதி, ஜன்னல் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி, பெட்டியில் பொருத்தினோம். சுவிட்சைப் போட்டதும் 'ஏகார்ன் டி.எஃப்.எஸ்.', கீழே 'பேசிக்', அதற்கும் கீழே அம்புக்குறி. கேள்வி போய்விட்டது.

அடுத்தது ஃபிளாப்பிகள். ஓரத்தில் வெட்டியிருக்கும் சிறு பள்ளத்தை ஸ்டிக்கரால் மூடினேன். மூடினால் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். பல தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே டிரைவில் போட்டால் பூஞ்சை தட்டையும் கீறும், டிரைவின் தலையையும் கெடுக்கும். உறையை ஓரமாக வெட்டித் தட்டை மட்டும் வெளியே எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மெல்லத் துடைத்து, நிழலில் உலர்த்தி, வேறொரு நல்ல உறைக்குள் நுழைத்து ஒரே ஒருமுறை படிக்க வைத்தோம். படிப்பதற்கு 'கிரீஸ்வீசல்' என்ற சின்ன போர்டு. காந்தத் துடிப்புகளை உள்ளபடியே பதிந்துகொள்ளும். பொருளைப் பிறகு நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம். 23ல் 16 முழுசாக வந்தன. நான்கு பாதி. மூன்று போய்விட்டன.

'அகரம்' பிழைத்த பதினாறில் இருந்தது.

1988ல் பிளஸ் ஒன் படித்த இரண்டு மாணவிகள் எழுதிய நிரல் அது. திரையில் தமிழ் எழுத்து வர வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். பி.பி.சி. மைக்ரோவில் நாமே எழுத்து வரைந்துகொள்ள வழி உண்டு. 'வி.டி.யு. 23' என்று அடித்து, எட்டு எண்கள் கொடுக்க வேண்டும். எட்டுக்கு எட்டுக் கட்டம்; ஒரு வரிசைக்கு ஒரு எண். கட்டங்களின் மதிப்பு இடமிருந்து 128, 64, 32, 16, 8, 4, 2, 1. நிரப்பிய கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசையின் எண். இடது ஓரம் மட்டும் நிரப்பினால் 128. எட்டும் நிரப்பினால் 255. அதன்படி 'ட' என்பது ஏழு முறை 128, கடைசியில் 255. வலது ஓரத்திலும் ஒரு கோடு போட்டால் ஏழு முறை 129, கடைசியில் 255. அது 'ப'. டகரத்தோடு ஒன்றைக் கூட்டினால் பகரம் என்று வகுப்பே கை தட்டியது.

அப்படி வரைந்துகொள்ள முதலில் கிடைப்பது 32 இடம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31. சரியாக அடங்கிவிடும் என்று குதித்தார்கள். கொம்பும் காலும் சுழியும் எங்கே போவது? 'ண' எட்டுக் கட்டத்துக்குள் நிற்குமா? இடத்தைக் கூட்ட இன்னொரு கட்டளை உண்டு. ஆனால் ஒவ்வொரு 32 எழுத்துக்கும் 256 பைட் நினைவகத்தை அது எடுத்துக்கொள்ளும். 32 கிலோபைட் வைத்திருக்கும் வீட்டில் அது பெரிய செலவு.

அப்போதுதான் நம் தமிழய்யா வந்தார். கம்ப்யூட்டர் அறைக்குள் அதுவரை அவர் காலெடுத்து வைத்ததில்லை. மாணவிகள் கேட்டார்கள் என்று கிராஃப் நோட்டு வாங்கி, இரண்டு வாரம் மதிய இடைவேளையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கட்டத்தில் நிரப்பிக் கொடுத்தார். 'ண'வுக்கும் 'ஔ'வுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டார். "எழுத்து சிறுத்தாலும் பரவாயில்ல, கோணக் கூடாதும்மா" என்பார். அந்த எண்களைத்தான் பிள்ளைகள் நிரலில் தட்டினார்கள்.

அய்யா காலமாகிப் பல வருஷமாகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அவருடைய நோட்டுப் புத்தகங்கள் அத்தனையும் போய்விட்டன என்று அவர் மகள் என்னிடம் சொல்லியிருந்தார். அதனால்தான் அந்த பிஸ்கட் டின்னை நான் விடவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். 'அகரம்' ஃபைலை ஃபிளாப்பியிலிருந்து எடுத்தவுடன் என் லேப்டாப்பில் நோட்பேடில் திறந்தேன். ஒரே கிறுக்கல். ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டர் இடத்தை மிச்சம் பிடிக்க, கட்டளைச் சொற்களை முழுசாக எழுதாமல் ஒவ்வொன்றையும் ஒரு எண்ணாகச் சுருக்கி வைக்கும். 'பிரிண்ட்' என்பது 241. அந்த 241க்கு என்ன பொருள் என்று தெரிந்தது பேசிக் சிப்புக்குத்தான். ஃபைலைக் காப்பாற்றினால் மட்டும் போதாது; அதைப் படிக்கத் தெரிந்த சிப்பையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும். ஓலை இருந்து, அதைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாத வீடு மாதிரிதான்.

பேசிக் சிப் உள்ளே இருந்ததால், நம் பெட்டியில் 'லிஸ்ட்' என்று அடித்ததும் நிரல் வரிவரியாக வந்தது. 'ரன்' என்று அடித்ததும், அய்யாவின் அகரம் திரையில் மெல்ல மேலிருந்து கீழாக வரைந்துகொண்டு வந்தது. சிறுசேரித் தம்பி ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தச் சத்தம்கூட வேண்டாம் என்று தோன்றியதாம்.

அந்த எண்களை மறுபடி கட்டமாக்கி, ஒரு கட்டத்தை ஒரு அங்குலமாகப் பெரிதாக்கி, எழுத்துக்கு ஒரு தாளாக அச்சடித்து அய்யா மகளிடம் கொடுத்துவிட்டேன். கையெழுத்து என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதை விடுவது என்ற முடிவு முழுக்க அவருடையது. மகள் 'ழ'வை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் இப்போது ஒழுங்காக அடுக்கிவிட்டேன். ரோம்கள், ஃபிளாப்பிப் பிரதிகள், கூடவே ஒரு சாதாரண உரைக் கோப்பு. எந்த இயந்திரம், எந்தப் பதிப்பு, எத்தனை பைட், சரிகூட்டு எண், எந்த ஃபிளாப்பி, எந்த நாள் என்று அதில் எழுதியிருக்கிறது. மூன்று பிரதி, ஒன்று படூரில், ஒன்று சிறுசேரித் தம்பியிடம், ஒன்று பள்ளியில். பெட்டி நாளைக்கே நின்றுபோனாலும் இவற்றை வைத்து இன்றைய கணினியில் அந்தக் கம்ப்யூட்டரை மென்பொருளாகவே ஓட்டலாம். பீப்எம் மாதிரி நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்னொரு சேதி: உங்கள் கைபேசிக்குள் இருக்கும் ஆர்ம் வகைச் சிப்பை முதலில் வடிவமைத்தவர்களும் அதே ஏகார்ன்காரர்கள்தான். 1985ல் முதல் சிப்பைச் சோதித்துப் பார்த்தது பி.பி.சி. மைக்ரோவோடு இணைத்துத்தான்.

இனி வேண்டுகோள்.

ஆசிரியராக இருக்கும் மாணவர்களே, உங்கள் பள்ளியில் பழைய பொருளைக் கண்டம் செய்யும்போது பெட்டியை விடுங்கள். ஃபிளாப்பி, கையேடு, சிப் இவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உறவினர்களே, இது பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களின் கதை மட்டுமல்ல. இருபது வருஷத்துக்கு முன்னால் பாமினியிலும் வானவில்லிலும் அடித்த குடும்ப மலர், வம்சாவளி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் நம் வீட்டு சி.டி.க்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நான் நோட்பேடில் பார்த்த அதே கிறுக்கல்தான் வரும். இந்த மாதமே திறந்து பாருங்கள். எழுத்துருவையும் அதே உறையில் போட்டு வையுங்கள். முடிந்தால் யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

அப்புறம், 88ல் 'அகரம்' எழுதிய பெண்கள் இருவரும் இதைப் படித்தால் பின்னூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. உங்கள் நிரலில் 'ஞ' வர வேண்டிய இடத்தில் ஒரு வரிசை காலியாக நிற்கிறது. அய்யா அப்படித்தான் கொடுத்தாரா, தட்டும்போது விட்டுப்போச்சா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்,
படூர்.